ஒன்பது படங்களின் சப்டைட்டிலும் ஒரு வருகைக் கொப்பியும்

இதை 2014இலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது பயம். பிறகு, எழுதப் போய் இன்னும் யாருக்காவது தொல்லை வந்துவிடுமோ என்ற தயக்கம். போன மாதம் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். தங்கள் ஊரில் மாதம் ஒரு நல்ல படம் போட்டு, பார்த்து முடிந்ததும் இருந்து பேசும் வட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறார்களாம். "என்னென்ன வாங்கணும் அண்ணன்?" என்று கேட்டான். புரொஜெக்டர், ஸ்பீக்கர், வெள்ளைத் துணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "வாற ஆக்களிட பேர், நம்பர் எழுத ஒரு கொப்பியும் வாங்கி வெச்சிருக்கம்" என்று அவன் சொன்னதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு மட்டக்களப்புக் கல்லடியில் சிறிய ஸ்ரூடியோ. கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது தொழில். படப் பைத்தியம் அம்மாவிடமிருந்து வந்தது. எண்பதுகளில் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, ஊரே ஒரு முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த கதைகளை அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினார். போர் முடிந்த பிறகு தியேட்டர்களில் சென்னையிலிருந்து வரும் புதுப் படங்கள் ஓடின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம்முடைய தீவிலேயே எடுத்த படங்களை நாம் பார்த்ததில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் வைத்துத் தமிழில் எடுத்த ‘பொன்மணி’ 1977இல் வந்த படம். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டத்தை நீக்கியபோது, இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தோம். அந்த நவம்பரில், புளியந்தீவில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் முதல் படத்தைப் போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். திரை, ரீச்சரின் பழைய கட்டில் விரிப்பு. அதன் வலது பக்க மேல் மூலையில் ஒரு மஞ்சள் கறை. எந்த நாட்டுப் படம் போட்டாலும் அந்த நாட்டு வானத்தில் அந்தக் கறை இருக்கும்.

சிங்களப் படங்களில் ஆங்கில சப்டைட்டில்தான் இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேகத்தில் ஆங்கிலம் வாசிக்க ஏலாது. சரி, நாமே தமிழில் செய்வோம் என்று இறங்கினோம். ஒரு படத்துக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு வரி வரும். கடை பூட்டிய பிறகு இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இருந்தால் ஐம்பது வரி முடியும். ரீச்சருக்கு நல்ல சிங்களம் தெரியும். காத்தான்குடி முஸ்லிம் தம்பி ஒருவன் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடையில் நின்றவன், தெருச் சிங்களம் அவனுக்கு அத்துப்படி. ஒரு கிராமத்துப் படத்தில் தகப்பன் மகனைப் "புத்தே" என்று கூப்பிடுவார். நான் "மகனே" என்று எழுதினேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளில் ரீச்சர் சிவப்புப் பேனையால் அதை வெட்டி, பக்கத்தில் "மனே" என்று எழுதினார். "நம்மட ஊர்த் தகப்பன் எப்படிக் கூப்பிடுவான் தம்பி? அப்படி எழுது" என்றார். படம் ஓடிய அன்று அந்தச் சொல் திரையில் வந்ததும் விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பத்து விநாடிக்காகத்தான் நான் இரண்டரை வருடம் இரவுகளைக் கொடுத்தேன். இப்போதும் கொடுப்பேன்.

ஒன்பது படங்கள் முடித்திருந்தோம். அந்த ஒன்பதும் என்னுடைய ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒரு சப்டைட்டில் பைல் ஒரு போட்டோவின் அளவு கூட இல்லை. ஒரு மின்னஞ்சலில் ஒன்பதையும் அனுப்பியிருக்கலாம். 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவை எரித்தபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ் சாம்பலாகிப் போன கதையை நானே நம் வட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நான் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. இதை நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

2014 நடுப்பகுதியில் காற்று மாறிவிட்டது. ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம் மக்கள் மீது வன்முறை நடந்தது. ஜூலை 1ஆம் திகதி, பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த அரசு சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம், ஊடக மாநாடு, செய்தி அறிக்கை, ஊடகவியலாளருக்கான பட்டறை ஒன்றும் நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நாங்கள் நிறுவனம் இல்லை, எங்களுக்கென்ன என்று விட்டுவிட்டேன். இதில் முதல் பாடம் இருக்கிறது. இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால், அது யாருக்கு எழுதப்பட்டது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஊரில் பத்துப் பேர் ஒரு விறாந்தையில் கூடுவதை அதன் பிறகு எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்து, ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். படம் எங்கேயும் ஓடிப் போகாது.

நான் தள்ளிப் போடவில்லை. அந்த மாதம் இரண்டாவது ஞாயிறு போட்டது பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’. படையில் இருந்த மகனின் மூடிய சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. கண் தெரியாத தகப்பன் அதை நம்ப மறுக்கிறார். 2000ஆம் ஆண்டு அரசாங்கம் இந்தப் படத்தை வெளியிட விடாமல் நிறுத்தி, இயக்குநர் வழக்குக்குப் போய், 2001இல் உச்ச நீதிமன்றம் திரையிட விடச் சொன்னது. உச்ச நீதிமன்றமே விட்ட படம், சிங்களப் படம், இதில் யார் குறை காணப் போகிறார்கள் என்று நம்பினேன். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பிள்ளையைத் தேடித் திரியும் ஒரு அம்மா முன்வரிசையில் இருந்தார். படம் பாதியில், சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கடைசிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். கடைசி வரைக்கும் இருந்து பார்த்தார்கள். லைட் போட்ட பிறகு ஒருவர் வந்து, யார் ஒழுங்கு செய்தது என்று மரியாதையாகக் கேட்டார். நான் என்றேன். மேசையில் இருந்த வருகைக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். "நாளைக்குத் தாறம்" என்று சொல்லிவிட்டுக் கொண்டு போனார். அந்தக் கொப்பியில் இரண்டரை வருடத்தில் வந்த அறுபத்துநான்கு பேரின் பெயரும் போன் நம்பரும் ஊரும் இருந்தன. அழகாக எழுதச் சொல்லி நான்தான் ஒவ்வொருவரிடமும் பேனையைக் கொடுத்தவன்.

மறுநாள் காலையில் பொலிஸிலிருந்து போன் வந்தது, ஒன்பது மணிக்கு வரச் சொல்லி. தனியாகப் போனேன். அம்மா, "சாப்பிட்டுட்டுப் போ மனே" என்றார். சாப்பிடாமல் போனேன். பின்னேரம் நாலரை வரைக்கும் ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். பிறகு கேள்விகள். யார் காசு தருகிறார்கள், வெளிநாட்டிலிருந்தா? சிங்களப் படத்தை ஏன் தமிழில் போடுகிறீர்கள்? ரீச்சரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? காத்தான்குடிப் பொடியன்கள் ஏன் வருகிறார்கள்? அந்த மாதம் நோன்பு, அவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு வரவில்லை. அதைச் சொன்னால் அதற்கும் ஒரு கேள்வி. நான் என்னவோ களவு செய்தவன் போல நடுங்கிக்கொண்டிருந்தேன். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், அந்த நாட்களில், வழக்கு இல்லாமலே பதினெட்டு மாதம் வரை வைத்திருக்கலாம். அது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இரவு எட்டு மணிக்குச் சிங்களத்தில் எழுதிய ஐந்து பக்கத்தை முன்னால் வைத்து ஒப்பமிடச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்று ஐந்து பக்கத்திலும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துச் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அதில என்ன எழுதியிருந்தது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லித் தந்ததை அப்படியே தருகிறேன். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் அதுதான். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். முடியாது என்றால், எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்கும் மேல் வற்புறுத்தினால், ஒப்பத்துக்கு மேலே உங்கள் கையெழுத்திலேயே தமிழில், இதை எனக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதித் திகதி போட்டுவிட்டு ஒப்பமிடுங்கள். போனில் கூப்பிட்டால் எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள். தரமாட்டார்கள் என்றாலும் கேட்டதை உங்கள் கொப்பியில் குறித்து வையுங்கள். தனியே போகாதீர்கள். கூட வருபவரை உள்ளே விடாவிட்டாலும் அவர் வாசலில் நிற்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்கே போகிறீர்கள், யார் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிறகு ஒன்று, அழைப்பு வந்த பின் பயத்தில் எதையும் அழிக்க ஓடாதீர்கள். ஒரு குற்றமும் இல்லாத இடத்தில் அது ஒரு குற்றத்தை உண்டாக்கிவிடும்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்து கம்ப்யூட்டர், இரண்டு ஹார்ட் டிஸ்க், புரொஜெக்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். பட்டியல் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்பதே அப்போது தெரியாது. எந்தப் பொருளை எடுத்தாலும் பெயர், மொடல், சீரியல் நம்பர், திகதி, எடுத்தவரின் பெயர் போட்ட பட்டியல் ஒன்றைக் கேளுங்கள். உங்கள் சாமான்களின் சீரியல் நம்பரை இன்றைக்கே போட்டோ எடுத்து வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். ஏனென்றால் பிறகு அது உங்களுடையதுதான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டி வரும். எனக்கு வந்தது.

அந்த டிஸ்க்குகளில் ஒரு கல்யாண வீடும் ஒரு சாமத்திய வீடும் எடிட் செய்யாமல் இருந்தன. சாமத்திய வீட்டுக்காரருக்கு 22,000 ரூபாய், கல்யாண வீட்டுக்கு 40,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். காசு போனது பெரிதில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணின் தகப்பன் மூன்று மாதத்தில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும் காட்சி அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பிள்ளை கடைக்கு வந்து, "அப்பாட முகம் மட்டும் போதும் அண்ணன், எப்படியாவது எடுத்துத் தாங்க" என்று அழுதார். நான் என்ன சொல்ல? வேறு கம்ப்யூட்டர் வாங்க 95,000, அதற்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். சட்டத்தரணிக்கும் கொழும்புப் பயணங்களுக்கும் 35,000. புரொஜெக்டர் 58,000. எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம், அத்தோடு மூன்று மாதத் தொழிலும். பொலிஸ் வந்து போன கடைக்குக் கல்யாண வீடு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவர்களிலும் பிழையில்லை. ஆகவே படம் காட்டும் வேலைக்கும் சோறு போடும் வேலைக்கும் ஒரே டிஸ்க்கை, ஒரே கம்ப்யூட்டரை, ஒரே கூரையைப் பாவிக்க வேண்டாம். பழைய லப்டொப் ஒன்று போதும்.

கொப்பியில் இருந்தவர்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். சிலருக்குப் போன், சிலரின் வீட்டுக்கே போனார்கள். உயர்தரம் படித்த ஒரு தம்பியின் தகப்பன் அரச உத்தியோகத்தர். அவர் என் கடை வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரேயொரு படத்துக்கு வந்த பிள்ளை ஒருவரை வீட்டார் அதன் பிறகு வகுப்புக்குக்கூடத் தனியே விடவில்லை என்று கேள்விப்பட்டேன். காத்தான்குடித் தம்பியை நான்கு தரம் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் என்மேல் கோபம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெரும்பாலானோர் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். என்னைக் காப்பாற்றவா, தங்களைக் காப்பாற்றவா என்று எனக்குத் தெரியவில்லை. ரீச்சர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டோவில் வந்து கடையில் ஒரு மணித்தியாலம் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் வந்தார்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு நான் போனது ஒக்டோபரில். மட்டக்களப்பிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற நம்பருக்குப் போனும் எடுக்கலாம். அங்கே முறைப்பாடு எழுதிய பிறகுதான் சட்டத்தரணி இன்னொன்று சொன்னார். அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. நான் மூன்று மாதம் பயந்து வீட்டில் இருந்ததில் அந்தக் கதவு மூடிவிட்டது. ஒரு மாதம் என்பதைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அனுமதி விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் நாடகம், படம் காட்ட அனுமதி கேட்கும் சட்டம் 1912இலிருந்து இருக்கிறது. விசாரணையில் முதலில் தூக்கிக் காட்டியது அதைத்தான். தணிக்கைச் சான்றிதழ் உள்ள படமா என்று பாருங்கள், படம் எடுத்தவரிடம் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ கேட்டு வாங்குங்கள். நாங்கள் பிறகு எழுதிக் கேட்ட இயக்குநர்கள் சந்தோசமாகவே சம்மதம் தந்தார்கள். வாசலில் காசு வாங்காதீர்கள், ரிக்கெட் என்று வந்துவிட்டால் களியாட்ட வரி என்று உள்ளூராட்சி மன்றமும் சேர்ந்து வரும். இடம் தருபவரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. சாமான்கள் திரும்பி வர 2016 மார்ச் ஆனது. அரிசிச் சாக்கு ஒன்றில் போட்டுத் தந்தார்கள். புரொஜெக்டரின் லென்ஸ் உடைந்திருந்தது. ஒரு டிஸ்க் திறந்தது, அதில் கல்யாண வீடு இருந்தது. எடிட் செய்து, அந்தத் தகப்பனின் காட்சியை ஒரு வெட்டும் இல்லாமல் முழுசாக வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற டிஸ்க்கைச் செருகினால் டிக், டிக், டிக் என்று மூன்று தரம் சத்தம் வந்து நின்றுவிடும். கொழும்பில் இரண்டு இடத்தில் காட்டினேன், சரிவரவில்லை. ஒன்பது படமும் அதில்தான். கொப்பி சாக்கில் இல்லை. கேட்டதற்கு, அப்படி ஒரு கொப்பி எடுக்கவே இல்லை என்றார்கள்.

மிஞ்சியது ஒரு படம். ரீச்சர் திருத்திய பிரிண்ட், நாற்பத்தாறு தாள், அவர் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருந்தது. சிவப்புப் பேனைத் திருத்தங்களோடு அதை வரி வரியாகத் திரும்ப அடித்தோம். இந்த முறை மூன்று பேர் பிரித்து அடித்தோம். முடிந்ததும் ஏழு பேரிடம் ஏழு பென் டிரைவ். ஈரானில் எண்பதுகளில் வீடியோவுக்கே தடை இருந்தபோது, சூட்கேஸில் கசெற்றுகளோடு வீடு வீடாகப் போய்க் கொடுத்து வாங்கியவர்களைப் பற்றி வாசித்திருந்தேன். அதைத்தான் செய்கிறோம். படம் ஒருவரிடம், சப்டைட்டில் இன்னொருவரிடம், புரொஜெக்டர் மூன்றாமவரிடம். வீட்டை மாற்றி மாற்றிப் போடுகிறோம், ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாங்களாகவே பல மாதம் நிறுத்தினோம். யாரும் வந்து பறிக்க வேண்டிய நிலை வரவில்லை. 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு வாட்ஸ்அப் குழுவையும் கலைத்துவிட்டோம், ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்கிறோம். இப்படிச் சுருக்கியதில் இழப்பும் இருக்கிறது. முப்பது பேர் ஒன்றாக மூச்சுப் பிடித்திருக்கும் அந்த அமைதி ஏழு பேரில் வராது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் ஒன்பது படத்தில் ஆறைத் திரும்பச் செய்து முடித்துவிட்டோம்.

போன ஞாயிறு ஆரையம்பதியில் ஒரு வீட்டில் போட்டோம், அதே விரிப்பில். புதிதாக ஒரு பிள்ளை வந்திருந்தார், கம்பஸில் முதலாம் வருடமாம். படம் முடிந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே, "அண்ணா, பேர் எங்கயும் எழுதணுமா?" என்று கேட்டார். வேண்டாம் தங்கச்சி என்று சொல்லி, அன்றைய படத்தின் சப்டைட்டில் இருந்த பென் டிரைவ்களில் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன்.